விண்கோள் படத்தால் கடற்கரையை அளத்தல்

நம் கோவில்பட்டிக் கோட்டத்து அங்கத்தினர்களில் பெரும்பாலோர் கரிசற்காட்டுக்காரர். கடலைத் திருச்செந்தூர் போகும்போது மட்டும் கண்டவர். ஆயினும் இக்கோட்டத்தின் கீழ்க்கோடியாகிய விளாத்திகுளம் வட்டம், வேம்பாறு, வைப்பாறு ஆகிய ஊர்களின் வழியாக மன்னார் வளைகுடாவைத் தொட்டு நிற்கிறது. அவ்வோரத்துச் சிற்றூர் ஒன்றில் சங்கத்தின் இருப்பைச் சரிபார்க்க நாம் சென்றிருந்தபோது நேர்ந்த ஒரு சம்பவமே இப்பாடத்திற்குக் காரணமாயிற்று.

வேலை முடிந்து பேரேட்டை மூடும் தறுவாயில், அங்கத்தினர்களுள் முதியவர் ஒருவர் இரண்டு படங்களை மேசைமீது வைத்தார். வானிலிருந்து எடுத்த படங்கள். பேரன் கணிப்பொறியில் பார்த்து அச்சிட்டுக் கொடுத்தானாம். இரண்டுக்கும் இடையே ஏறக்குறையப் பத்தாண்டு. இரண்டிலும் அவருடைய பனந்தோப்பும், அதனை அடுத்த மணலும், அப்பால் கடலும் தெரிந்தன. இரண்டையும் ஓரத்துக்கு ஓரம் சேர்த்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஐயா, கடல் நாற்பது மீட்டர் உள்ளே வந்துவிட்டது. பனையில் ஒரு வரிசையே போயிற்று. கல்சுவர் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். சங்கத்தின் தீர்மானமும் கூட இருந்தால் மேலிடத்தில் மதிப்பார்கள்" என்றார்.

நாமும் அளவுகோலை வைத்துப் பார்த்தோம். நாற்பது சரியாகவே இருந்தது. தீர்மானம் எழுதத் தடையில்லை என்று காரியதரிசியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம். எட்டயபுரம் தாண்டும்போது, கையிலிருந்த அவ்விரு படங்களையும் மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கினோம். பனந்தோப்பிற்கு மேற்கே ஓர் ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம். முதற்படத்தில் அதன் வடகிழக்கு மூலை இருந்த இடத்திலிருந்து, இரண்டாம் படத்தில் பதினான்கு மீட்டர் மேற்கே தள்ளி இருந்தது. கடல் நகரலாம், பள்ளிக்கூடம் நகருமோ? படமே அவ்வளவு தூரம் தள்ளிப் பதிந்திருக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. நாற்பதில் பதினான்கு அங்கேயே கழிந்தது. எடைக்கல்லைச் சோதியாமல் பருத்தி இருப்பை நிறுத்த கதையாக நம் வேலை முடிந்திருந்தது. தராசுக்கு முத்திரை உண்டா என்று ஊரூராய்க் கேட்டுத் திரியும் நாமே இப்பிழையைச் செய்தோம் என்பதை இங்கே மறைக்காமல் சொல்லுகிறோம்.

மறுநாட் காலை காரியதரிசிக்குத் தொலைபேசியிற் சொல்லித் தீர்மானத்தை நிறுத்தினோம். பெரியவருக்கு வருத்தம். "போன பனை பொய்யா ஐயா?" என்று கேட்டார். போன பனை பொய்யன்று. ஆனால் நாற்பது என்ற எண் பொய்யாயிருப்பின், அளக்கத் தெரிந்த பொறியாளர் ஒருவர் வந்து அதை உடைத்துவிடுவார். எண்ணோடு மனுவும் போம், சங்கத்தின் வாக்கும் போம். ஆதலின் கடற்கரையைப் படத்தால் அளப்பது எவ்வாறு என்பதை நாம் முதலிற் கற்று, கற்றதை அங்கத்தினர்களுக்கும் சொல்லத் துணிந்தோம்.

படம் என்பது யாது?

நெசவாளர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. சேலையின் கரையில் மாங்காய்ப் புட்டா போடவேண்டுமாயின், முதலிற் கட்டத்தாளில் வரைந்துகொள்கிறோம். மாங்காயின் வளைவு தாளிலே வளைவாக இராது; படிப்படியாக, கட்டம் கட்டமாக ஏறி இறங்கும். கட்டம் பெரிதாயின் மாங்காய் முரடாகும், சிறிதாயின் நயமாகும். விண்கோள் எடுக்கும் படமும் இத்தகைய கட்டத்தாளே. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரே நிறம். கட்டத்தினுள் பாதி கடலும் பாதி மணலும் இருந்தால் இரண்டும் கலந்த ஒரு மங்கல் நிறமே பதியும். சேலைக்கும் கடலுக்கும் நம் மொழி 'கரை' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது இவ்விடத்தில் வசதியாக அமைந்துவிட்டது.

அமெரிக்க நாட்டார் 1972 ஜூலையில் அனுப்பிய முதல் லாண்ட்சாட் கோளின் கட்டம் ஏறக்குறைய 80 மீட்டர். ஒரு கட்டத்துக்குள் ஒன்றரை ஏக்கர் நிலம் அடங்கிவிடும். 1980-களில் அனுப்பிய லாண்ட்சாட் கோள்களில் கட்டம் 30 மீட்டராயிற்று. நம் கணக்கில் அது சுமார் 22 சென்ட். நம் நாடு 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்ற கோளை அனுப்பியது. அதன் நுண்ணிய கருவியில் கட்டம் 36 மீட்டர் அளவு. 2005-இல் அனுப்பிய கார்ட்டோசாட்-1 கோளின் கட்டம் இரண்டரை மீட்டர்தான். 2015 முதல் ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள்கள் 10 மீட்டர்க் கட்டத்தில் படம் தருகின்றன. அது இரண்டரை சென்ட். லாண்ட்சாட் படங்கள் 2008 முதல் எவர்க்கும் இலவசம். சென்டினல் படங்களும் அவ்வாறே. ஆதலின் காசில்லை என்று சொல்லி அளவாதிருக்க இப்போது வழியில்லை.

பழைய படங்கள் முரடு, புதியவை நயம். இரண்டையும் ஒப்பிடும்போது, முரட்டுப் படத்தின் துல்லியத்துக்கு மேல் நம் விடை செல்லாது. 20-ஆம் நம்பர்ப் பாவில் 80-ஆம் நம்பர் ஊடை ஓட்டினால் துணி 80-ஆம் நம்பர் ஆகிவிடாது.

நீரையும் நிலத்தையும் பிரித்தல்

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் பார்த்தால் கரையோரத்து ஆழமற்ற நீரும் ஈர மணலும் ஒன்றுபோலத் தோன்றும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை நீர் பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. மணலும் செடியும் அதைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே அகச்சிவப்புப் படத்தில் கடல் கறுப்பாகவும் நிலம் வெளுப்பாகவும் தெரியும். பச்சை ஒளியின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். பொதுவாக நீருக்கு அது பூச்சியத்துக்கு மேலும், நிலத்துக்குக் கீழும் நிற்கும். 1996-இல் மக்ஃபீட்டர்ஸ் என்பார் வெளியிட்ட இம்முறையே இன்றும் பெருவழக்கு.

முறை எளிது, நம் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தொல்லை. தூத்துக்குடி, வேம்பாறு ஓரம் உப்பளங்கள் நிறைந்தது. பாத்திகளில் நீர் கட்டியிருக்கும் மாதத்துப் படத்தைக் கணிப்பொறியிடம் கொடுத்தால், உப்பளம் முழுவதையும் கடலென்று எழுதிக் கரையை ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளிவிடும். மழைக்காலத்தில் நனைந்த கரிசலும் அவ்வண்ணமே ஏமாற்றும். கரிசல் இயல்பிலேயே ஒளியை விழுங்கும் மண். நனைந்தால் மேலும் கறுக்கும். வெளியூரிலிருந்து கணிப்பொறியில் மட்டும் அளப்பவர்க்கு இது தெரியாது. நம்மூர் உழவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், இது உப்பளம், இது ஊருணி, இது நீர்வற்றிய ஓடை என்று விரல்வைத்துக் காட்டிவிடுவார். படிப்பில்லாதார்க்கு இவ்வேலையில் இடமில்லை என்று எண்ணற்க.

எந்தக் கோட்டை அளக்கிறோம்?

கடல் ஒரே இடத்தில் நிற்பதன்று. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். தூத்துக்குடிப் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு அமாவாசை, பௌர்ணமி நாட்களிற்கூட ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. அரை மீட்டர்தானே என்று விட்டுவிடலாகாது. கரை இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் இருந்தால், நீர்மட்டம் அரை மீட்டர் ஏறும்போது நீர்விளிம்பு பத்து மீட்டர் உள்ளே வந்துவிடும். சரிவு இன்னும் சாதுவாயிருப்பின் இருபது மீட்டரும் வரும். அரிப்பு ஒரு மணலும் இல்லாமலே, காலைப் படத்துக்கும் மாலைப் படத்துக்கும் இவ்வளவு வேறுபாடு. லாண்ட்சாட் பதினாறு நாளைக்கு ஒருமுறை, ஏறக்குறைய முற்பகல் பத்து மணி அளவில் நம் தலைக்குமேல் செல்லுகிறது. கடிகாரம் ஒன்றாயினும் கடலின் ஏற்றம் ஒவ்வொரு முறையும் வேறு. ஆகையால் நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, ஒத்த மட்டத்து நாட்களின் படங்களை மட்டும் தெரிந்துகொள்ளவேண்டும்.

அடுத்தது பருவம். ஆண்டின் ஒரு பகுதியில் அலை மணலைக் கொண்டுபோவதும் மற்றொரு பகுதியில் கொண்டுவந்து போடுவதும் எல்லாக் கடற்கரைக்கும் உள்ள இயல்பு. 2025 ஜனவரியில் திருச்செந்தூர்க் கோயிலுக்கு எதிரே கடற்கரை பல அடி உயரத்துக்கு அறுக்கப்பட்டு, பக்தர்கள் நீராட இறங்க முடியாமல் நின்றதை நம்மில் பலர் நேரிற் கண்டிருப்பர். அவ்வொரு மாதத்துப் படத்தை அதற்கு முந்தைய வைகாசிப் படத்தோடு ஒப்பிட்டு, ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்று பெருக்கினால் சில பத்தாண்டுகளில் கோயிலே கடலுக்குள் என்று கணக்கு வந்துவிடும். அது கணக்காகாது. ஒரு புரட்டாசி பொய்த்ததைக் கண்டு கரிசற்காடு பாலையாகிறதென்று எவரும் சொல்வதில்லை. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பண்ணை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இங்கே வேலை செய்துவருகிறது. ஓராண்டு விளைச்சலைக் கொண்டு எந்த விதையையும் அங்கே தேர்ந்ததில்லை.

பெரியவருடைய படங்களை இவ்விரு உரைகல்லிலும் உரைத்துப் பார்த்தோம். பழையது பங்குனியில் எடுத்தது, புதியது மார்கழியில். நீர்மட்டமும் ஒன்றன்று.

கணக்கும் பிழையும்

அளக்கும் விதம் இதுவே. கரைக்குப் பின்னே, நிலத்தின்மேல், கரையோடு இணையாக ஓர் அடிக்கோடு போடவேண்டும். அதிலிருந்து கடலை நோக்கி, ஐம்பது மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளை நீட்டவேண்டும். பாவு நீட்டியதுபோல் அவை வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஆண்டின் கரையும் ஊடைபோல் இவற்றைக் குறுக்கே வெட்டும். ஒவ்வோர் இழையிலும், அடிக்கோட்டிலிருந்து கரை எவ்வளவு தூரம் என்பதை ஆண்டுவாரியாகக் குறித்தால், ஏறியதா இறங்கியதா என்பது தெரியும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையார் இதற்கென்றே ஒரு கணிப்பொறித் திட்டம் செய்து இலவசமாக வழங்கியிருக்கின்றனர். நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் அதையே பெரிதும் கையாளுகின்றனர்.

இப்போது பிழையைக் கவனிப்போம். நாம் தணிக்கை செய்யும் கணக்குகளில் பைசாவுக்குப் பைசா நேராக வேண்டும். இங்கே அவ்வாறு வராது. எவ்வளவு தவறக்கூடும் என்பதை விடையோடு சேர்த்து எழுதுவதே நேர்மை. 30 மீட்டர்க் கட்டப் படத்தில், கட்டம், நீர்மட்டம், படம் தள்ளிப் பதிதல் எல்லாம் சேர்த்து ஒரு கரைக்கோடு முன்னும் பின்னும் 20 மீட்டர் தவறக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். 1990-இல் ஒரு கோடு, 2020-இல் ஒரு கோடு. இடைவெளி 45 மீட்டர். ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் அரிப்பு. இரண்டு கோட்டின் பிழைகளும் முழு அளவில் எதிரெதிரே தவறுவது அரிது. ஆதலின் இருபதையும் இருபதையும் அப்படியே கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண்பர். அது 28 மீட்டர். முப்பதால் வகுத்தால் ஆண்டுக்கு 0.9 மீட்டர். ஆகவே விடை: ஒன்றரை மீட்டர், கூடவோ குறையவோ 0.9. கடல் உள்ளே வருகிறது என்பதில் ஐயமில்லை; அளவில்தான் தளர்ச்சி.

அதே கருவியைக்கொண்டு மூன்றாண்டு இடைவெளியில் பத்து மீட்டர் என்று ஒருவர் அளந்தால்? ஆண்டுக்கு 3.3 மீட்டர் என்று பெரிய எண் வரும். பிழையோ 28-ஐ மூன்றால் வகுக்க 9.4 மீட்டர். எண்ணைவிடப் பிழை மூன்று மடங்கு. அக்கரை அரிகிறதோ வளர்கிறதோ என்றுகூட அதிலிருந்து சொல்ல முடியாது. 10 மீட்டர்க் கட்டப் படத்தை எடுத்துக் கோட்டுப் பிழையைப் பாதியாக்கினாலும் 4.7 மீட்டர் நிற்கும். குறுகிய காலத்து எண் பெரிதாயிருக்கும்; நெடுங்காலத்து எண் சிறிதாயிருக்கும்; மேடையில் பெரிய எண்ணுக்கே கைதட்டு. நாம் நம்பவேண்டுவது சிறிய எண்ணையே. இரண்டு படத்தோடு நில்லாமல் எட்டுப் பத்துப் படங்களை எடுத்து, அவற்றின் நடுவே செல்லும் ஒரு நேர்கோட்டைக் காண்பது இன்னும் சிறந்தது. இரண்டு சந்தை நாள் விலையைக்கொண்டு பருத்தியின் போக்கை எவரும் சொல்வதில்லை அன்றோ?

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தார் இம்முறையில் 1990 முதல் 2018 வரை நாட்டின் நிலப்பகுதிக் கடற்கரை 6,907 கிலோமீட்டரை அளந்தனர். நூற்றுக்கு 33.6 பங்கு அரிகிறது; 26.9 பங்கு வளர்கிறது, 39.6 பங்கு நிலையாக நிற்கிறது. தமிழ்நாட்டில் அரிப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 43. ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளி வைத்து அளந்தமையால் இவ்வெண்களை நாம் மதிக்கிறோம்.

கண்ணெதிரே குறைந்த தீவுகள்

அரிப்பு என்பது வெறும் ஐயமன்று என்பதற்கு நம் மாவட்டக் கடலிலேயே சான்று உண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தனர். அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது நீருக்குள். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு 1986-இல் ஏறக்குறைய 16 ஹெக்டேர், அதாவது நாற்பது ஏக்கர்; 2014 அளவில் அது இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஐந்து ஏக்கருக்குச் சுருங்கியது. காரைச்சல்லித் தீவு 1969-இல் இருபது ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2018-இல் ஆறு ஹெக்டேருக்கும் குறைவு.

1969 என்று கண்டதும் தணிக்கையாளர் மனத்தில் ஒரு வினா எழவேண்டும். முதல் லாண்ட்சாட் மேலே சென்றது 1972-இல் அன்றோ? அப்படியாயின் அவ்வாண்டின் எண் நில அளவைப் படத்திலிருந்து வந்ததென்றே கொள்ளல் தகும். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் தடித்த மைக்கோடு நிலத்தில் 25 மீட்டர் அகலம். அன்றியும் நில அளவையார் குறிப்பது உயர்நீர்க் கோடு. விண்கோள் காண்பது அந்நேரத்து நீர்விளிம்பு. வான் தீவின் பரப்புக்கு அறிக்கைதோறும் வெவ்வேறு எண் காணப்படுவதற்கும், வற்றத்தில் அளந்தார்களா ஏற்றத்தில் அளந்தார்களா என்பது பெருங்காரணம். இவ்வளவு தள்ளுபடி கொடுத்தபின்னும் நாற்பது ஏக்கர் ஐந்து ஏக்கர் ஆனதை எந்தப் பிழையாலும் விளக்க முடியாது.

காரணம் நம் கைகளே. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைதான் அலையின் வேகத்தைத் தடுத்து நிற்பது. பல்லாண்டு அப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக வெட்டிக் கரையேற்றினார்கள். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது; 2004 டிசம்பர்ச் சுனாமிக்குப் பிறகு வெட்டுவது ஓய்ந்தது. அதற்குள் வேலி போய்விட்டது. வேலி போன காட்டில் ஆடு மேய்ந்ததுபோல் அலை மேய்ந்தது. 2015 முதல் வான் தீவின் கடற்புறத்தில், சென்னை ஐ.ஐ.டி.யும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் வகுத்த திட்டப்படி, ஆயிரக்கணக்கான கான்கிரீட் செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கினர். அலை தணிந்து, தீவு மீண்டும் சிறிது மணல் பிடித்தது. அவ்வாறு பிடித்தது என்பதையும் மேற்சொன்ன அளவைமுறையாலேயே அறிந்தனர்.

மணலின் வரவு செலவு

கடற்கரையை ஒரு கடையின் ரொக்கப் புத்தகமாகக் கருதலாம். ஆறு கொண்டுவரும் மணலும் அடுத்த கரையிலிருந்து கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணலும் வரவு. நீரோட்டம் கொண்டுபோவது செலவு. வரவு குறைந்தால் இருப்பைத் தின்னவேண்டும். அதற்கே அரிப்பு என்று பெயர். 1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபின், வடக்கு நோக்கிச் சென்ற மணல் தடைப்பட்டுத் தெற்கே தங்கிற்று. அகன்ற மெரினா அவ்வாறு வளர்ந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் அதே மணலின்றிக் கடலுக்கு இரையாயிற்று. ஒருவன் பற்றில் வரவானது மற்றவன் பற்றில் செலவு. மொத்தத்தில் மணல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பெரியவர் கேட்ட கல்சுவர் பற்றி நமக்குத் தயக்கம் உண்டானதும் இதனாலேயே. அவர் தோப்பின் முன் சுவர் நின்றால், அலை அங்கே எடுக்க முடியாத மணலைச் சுவர் முடியும் இடத்தில் எடுக்கும். அங்கே தோப்பு வைத்திருப்பவரும் நம் சங்கத்து அங்கத்தினரே. இதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாதிருந்து, "அவன் என் மைத்துனன்தான் ஐயா" என்றார்.

வரவுப் பக்கத்தில் கரிசற்காட்டாராகிய நமக்கும் ஒரு கணக்கு உண்டு. அக்கரைக்கு மணல் கொண்டுவரும் ஆறுகளுள் வைப்பாறு தலையாயது. மேற்கு மலையிலிருந்து இறங்கிச் சாத்தூர், விளாத்திகுளம் வழியாகக் கடலைச் சேருகிறது. வெம்பக்கோட்டையிலும் இருக்கன்குடியிலும் அணைகள் நிற்கின்றன. அணை நீரைத் தேக்கும்போது மணலையும் தேக்கிக்கொள்ளும். எஞ்சிய படுகையில் மணல் அள்ளினால், ஒவ்வொரு வண்டியும் கடற்கரையின் வரவிற் கழிவு. அணை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. புஞ்சைக்காரர் கண்மாய்க்கு ஒரு சொட்டு நீர் வந்தாலும் போதும் என்றிருக்கும் நாட்டில் அவ்வாறு சொல்வது தகாது. மணல் அள்ளுவது வேறு. அதில் உழவனுக்கு லாபமில்லை, கிணற்று நீரும் கீழே போகிறது, கடலோரத்தானுக்கும் நஷ்டம்.

சங்கமே அளக்கலாம்

படத்தின் பிழையைக் குறைக்கத் தரையிலும் அளக்கவேண்டும். இதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. அவ்வூரில் நாம் செய்தது பின்வருமாறு. கரையிலிருந்து நன்கு உள்தள்ளி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கற்களை நட்டோம். இரண்டும் ஒரே நேராகத் தெரியும்படி நின்றால், கடலை நோக்கிய நேர்கோடு தானே அமையும். பின்கல்லிலிருந்து, அலை ஒதுக்கிய பாசியும் சருகும் கிடக்கும் கோடு வரை நாடா பிடித்து அளக்கவேண்டும். அது உயர்நீர்க் கோடு; அந்நேரத்து அலை எங்கிருந்தாலும் அது ஏறக்குறைய நிலையாய் இருக்கும். மாதந்தோறும் ஒரே திதியில் அளப்பது முக்கியம். அமாவாசையை வைத்துக்கொண்டோம்; கடலுக்குச் செல்பவர்க்கும் மறதி வராது. அளவு, நாள், காற்று எப்பக்கம், அளந்தவர் கையொப்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் செய்தோம். கற்கள் இரண்டிற்கு இரண்டாக நான்கு இடத்தில் நட்டாயிற்று. பெரியவர் தோப்பில் ஒன்று, மைத்துனர் தோப்பில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு நேரே ஒன்று, ஓடை முகத்தில் ஒன்று.

பள்ளிக்கூட மூலையை ஆதாரமாக வைத்து, மாசி, பங்குனி மாதத்து ஒத்த நீர்மட்டப் படங்களைத் தேடி எடுத்து, மேற்சொன்ன இழைமுறையில் மறுபடி அளந்தோம். பத்தாண்டுக்கு நாற்பது என்றது பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையே வந்து நின்றது. பிழை அதில் பாதிக்குமேல் இருந்தது. போன பனை வரிசைக்கும் இதற்கும் ஏறத்தாழப் பொருந்துகிறது என்று பெரியவரே சொன்னார். பனைக்குப் பனை எத்தனை அடி என்பது அவருக்குத் தெரியும். வைத்தவர் அவர் தந்தையார்.

திருத்திய மனுவில் கல்சுவர் என்ற சொல் இல்லை. கரை அரிகிறது, இன்ன முறையில் அளந்தோம், இவ்வளவு பிழைக்கு இடமுண்டு, பொறியாளர் வந்து இரு தோப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று மட்டும் எழுதி, நோட்டின் பிரதியையும் இணைத்து, நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். நோட்டில் இதுவரை நான்கு அமாவாசை அளவுகள் ஏறியிருக்கின்றன. நான்கை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை; பன்னிரண்டு சேர்ந்தபின் ஒரு பருவச் சுற்று தெரியவரும். அடுத்த முறை நாடாவின் மறுமுனையைப் பிடிக்க மைத்துனர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.